ஊறுகாய் ஜாடியில் ஒரு குண்டு

4 அக்டோபர் 1994
ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து

எம்மெட்,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் உன் வாசல்வரை கேட்டிருக்குமே ஒரு சத்தம், அது எங்கள் கோழிக்கொட்டகைக் கூரை. அதன்மேல் ஏறி உட்கார்ந்து தூரநோக்காடியில் உன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் எடையைப் பற்றிக் கூரைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது. நேராகக் கீழே, முட்டையிடுகிற பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். லைல் ஓடிவந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை முட்டை?" என்று கேட்டார். கட்டின பெண்டாட்டி மேல் மனுஷனுக்கு அவ்வளவு அக்கறை.

ஏன் உளவு பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். நீயும் அந்த நேரத்தில் முற்றத்தில் நின்று, ஆற்றுக்கு மேலாக, எங்கள் மேய்ச்சலுக்குப் பின்னாலிருக்கிற கோணல் ஓடை மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு ஒரு கிழட்டுக் கழுதைக்காது மான் அங்கே சுற்றுகிறது. அதற்குப் 'பாதிரியார்' என்று பெயர் வைத்து இரண்டு வருஷமாகத் தபால் நிலையத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறாயாம். நல்ல பெயர். அடக்கத்துக்கும் நல்ல பெயர்தான்.

திட்டத்தைச் சொல்கிறேன், மென்று தின்னு. பருவம் முடிகிற கடைசி ஞாயிறு, நவம்பர் இருபத்தேழு. அந்த வாரம் கடா மான்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டைகளின் பின்னால் இறங்கி வரும். பாதிரியாரும் வருவார், அவருக்கு மட்டும் விரதமா? நானும் என் பெண் கோராவும் எதிர்ச்சரிவில் விடிவதற்கு முன்பே போய்ப் படுத்திருப்போம். போன வருஷம் அதே ஞாயிறு, அதே மேட்டில், பதிமூன்று வயசுப் பெண்ணின் முதல் மானைத் திருடினாயே, அந்தக் கணக்கை அங்கேயே தீர்க்கிறோம்.

நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். அவள் சுட்டாள். மான் மேட்டைத் தாண்டி ஓடியது. மறுபக்கம் நீ இருந்தாய். இன்னொரு வெடி கேட்டது. நாங்கள் மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் நீ உன் வேட்டைச் சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி, கொம்பில் கட்டி, மானை உன்னுடையதாக்கி முடித்திருந்தாய். "கால்ல பட்டுச்சு உன்னுது, சின்னப்பொண்ணு. நொண்டிட்டு வந்துச்சு. நான்தான் முடிச்சு வெச்சேன்" என்றாய். இப்போது அந்தத் தலை ஆல்வின் சாப்பாட்டுக் கடைச் சுவரில் தொங்குகிறது, அடியில் பித்தளைத் தகட்டில் உன் பெயர். அதற்குக் கீழே உட்கார்ந்து நீ முட்டை சாப்பிடுகிறாய். அன்று அலமாரியில் வைத்த துப்பாக்கியை என் பெண் இன்றுவரை தொடவில்லை.

அப்புறம், மேட்டுக்குப் போகிற பாதை எங்கள் கேட் வழியாகத்தானே? புதுப் பூட்டு போட்டிருக்கிறேன், என் கை அளவு. நீ சுற்றிக்கொண்டு நடந்தால் ஒன்பது மைல். நடை உடம்புக்கு நல்லது.

உன் குரலைக் கேட்கமாட்டேன் என்றுதான் சர்ச் வாசலில் வைத்துச் சொன்னேன். எழுத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுது.

இர்மா

*

11 அக்டோபர் 1994

மதிப்பிற்குரிய திருமதி இர்மா டாலெஃப்சன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூரை விழுந்த சத்தத்தை நான் கேட்டேன். ஆல்வின் கடையில் இருந்தவர்களும் கேட்டதாகச் சொன்னார்கள். அது பன்னிரண்டு மைல் தூரம்.

தங்கள் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காயம்பட்ட மானை விட்டுவைப்பது பாவம். என் கண்ணெதிரே ஒரு மான் தடுமாறி வந்தது. சுட்டேன். விழுந்ததும் உடனே சீட்டு கட்டவேண்டும் என்பது சட்டம். கட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மாவட்டத்தின் சாலைகளைச் சமன்படுத்தி வருகிறேன். என் நேர்மையைப் பற்றி இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை.

கேட்டைப் பூட்டுவது தங்கள் உரிமை. அதற்குப் பின்னாலுள்ள மேடு எல்லாருக்கும் சொந்தமான நிலம் என்பதை நினைவூட்டுகிறேன். ஒன்பது மைல் எனக்கு ஒன்றுமில்லை. தங்கள் கேட் வரை வருகிற சாலையில் பனி விழுந்தால் தள்ளுகிறவன் யார் என்பதையும் நினைவூட்டுகிறேன். இந்த வருஷம் என் வண்டி அந்தத் திருப்பத்தில் பழுதாகிவிடலாம் என்று தோன்றுகிறது.

கோராவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
எம்மெட் ரஸ்க்

*

24 அக்டோபர் 1994

மகாகனம் பொருந்திய எம்மெட் ரஸ்க் துரை அவர்களுக்கு,

'தாங்கள்', 'தங்கள்' எல்லாம் எங்கே படித்தாய்? எட்டாம் வகுப்போடு நின்ற அக்காவைப் பயமுறுத்தவா? உனக்கு மூக்கு துடைத்துவிட்ட கைடா இது. மரியாதை வேண்டாம், மானத்தைத் திருப்பிக் கொடு.

பருவம் நேற்று திறந்தது. வெட்டுக்கொட்டகையில் ஏற்கெனவே ஒன்பது மான் தொங்குகிறது. ஊரார் சுட்ட மானையெல்லாம் தோலுரித்து, துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றித் தருவதற்கு அறுபது மைலுக்குள் நான் ஒருத்திதானே. அதனால் எனக்கு எல்லாம் தெரியும். யார் நேராகச் சுட்டான், யார் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான், யார் சாலையில் வண்டி மோதியதைச் சுட்டதாகச் சொல்கிறான், எல்லாவற்றையும் இறைச்சி சொல்லிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள், கீழே தேவைப்படும்.

போன வாரம் துப்பாக்கியை எடுத்துச் சமையல் மேசைமேல் வைத்தேன்.

"இத எதுக்கு வெளியே எடுத்தே?" என்றாள் கோரா.

"துடைக்கத்தான்."

"துடைச்சாச்சுன்னா உள்ளே வை."

"நீ வரலேன்னா கடைசி ஞாயிறு நானே இத வெச்சு சுடறேன்."

"நீ சுட்டா மான் சிரிச்சே செத்துடும்மா."

ஒரு வருஷத்தில் அவள் அடித்த முதல் நக்கல். என் பெண்தான் என்று சந்தோஷமாக இருந்தது. விடாமல் பிடுங்கி, மறுநாள் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருநூறு கஜத்தில் காகிதத் தட்டு ஒன்றைக் குத்தி வைத்தேன். ஐந்து குண்டு சுட்டாள். ஐந்தையும் ஒரு காப்பிக் கோப்பையை வைத்து மூடிவிடலாம். நான் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, "தட்டுன்னா பரவாயில்லம்மா. தட்டு நொண்டிக்கிட்டு ஓடாது" என்றாள்.

கேட்டாயா, சாலை சமன்படுத்துகிற நேர்மையாளனே? அவள் மான் போனதற்கு அழவில்லை. ஒரு ஜீவனின் காலை உடைத்துவிட்டோம் என்று அழுகிறாள்.

இப்போது கேள். போன டிசம்பரில் உன் மானையும் என்னிடம்தான் கொண்டுவந்தாய், வேறு கதியில்லாமல். ஒரு வார்த்தை பேசாமல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாய். நானும் ஒரு வார்த்தை பேசாமல் தோலை உரித்தேன். பின்தொடை எலும்பு தூள்தூளாக இருந்தது. அதிலிருந்து எடுத்தது உன் பெரிய துப்பாக்கியின் ஈயம், கட்டைவிரல் பருமனுக்கு நசுங்கி. முன்னால் விலாவில் ஒரு சின்ன ஓட்டை. இரண்டு நுரையீரலையும் துளைத்துக்கொண்டு போய், அந்தப் பக்கத் தோளின் தோலுக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சின்னக் குண்டு, என் சுண்டுவிரல் நகமளவு. கோராவுடையது. எம்மெட், அந்த மான் உன்னைப் பார்ப்பதற்கு முன்பே செத்துவிட்டது. அதற்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அதனால் நாற்பது அடி ஓடியது. காலை உடைத்தது நீ.

முதலில் கொன்ற குண்டு யாருடையதோ மான் அவருடையது. இது நம் அப்பா காலத்து வழக்கம், நீயும் வாய் கிழியப் பேசுகிற வழக்கம்.

அந்தச் சின்னக் குண்டு ஊறுகாய் ஜாடியில், வெள்ளரிக்காய் தீர்ந்த ஜாடியில், பத்திரமாக இருக்கிறது. நவம்பர் பத்தொன்பது சனிக்கிழமை ஆல்வின் கடையில் வேட்டை விருந்து. ஊரே இருக்கும். நீ அந்தத் தலைக்குக் கீழே வழக்கமான நாற்காலியில் இருப்பாய். நான் வந்து உன் காப்பியில் அதைப் போடுவேன். டிங் என்று ஒரு சத்தம் வரும். பத்து மாசமாகத் தினமும் தூங்குவதற்கு முன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தாலாட்டு மாதிரி இருக்கிறது.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா இர்மா

*

31 அக்டோபர் 1994

அக்கா,

'திருமதி' போடக் கை வரவில்லை.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். மான் மேட்டின்மேல் வரும்போதே வாயில் நுரைத்த ரத்தம். நுரையீரலில் பட்ட மான் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு நின்றிருக்கவேண்டும். சுட்டேன். சீட்டை வெட்டினேன். வெட்டிய தேதியைத் திரும்ப ஒட்ட முடியாது. மேலே நிமிர்ந்தால் நீ வருகிறாய், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாயில் அந்தப் பொய் வந்துவிட்டது.

ஏன் என்று கேள். 1961. எனக்குப் பன்னிரண்டு, உனக்குப் பதினைந்து. அதே கோணல் ஓடை. என் முதல் மான் எழுபது கஜத்தில் நிற்கிறது. எனக்கு நேராக நிற்கிறது, பக்கவாட்டில் திரும்பட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. என் தோளுக்கு மேலாக நீ சுட்டாய். என் காது மூன்று நாள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய்? "எம்மெட்டு தூங்கிட்டான்ப்பா, அதான் நான் சுட்டேன்." முப்பத்து மூன்று வருஷம், ஒவ்வொரு நன்றிநாள் விருந்திலும், வான்கோழியை வெட்டும்போது நீ குறட்டை விட்டுக் காட்டுவாய். எல்லாரும் சிரிப்பார்கள். கோராவும் சிரிப்பாள், விவரம் தெரியாத வயசிலிருந்து.

நான் தூங்கவில்லை அக்கா.

போன வருஷம் உன்னை அடிக்க நினைத்தேன். அடி அந்தப் பெண் மேல் விழுந்தது. அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது, நான் கேட்கவும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் குண்டு டிசம்பரிலிருந்து உன் ஜாடியில் இருக்கிறது. அவள் ராத்திரி பகலாக ஒரு மானின் காலை நினைத்துக்கொண்டிருந்தபோது, நாலு அடி தள்ளி, உன் அலமாரியில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் காப்பியில் டிங் என்று கேட்கவேண்டும் என்பதற்காக நீ சொல்லவில்லை. நான் அவளிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கினேன். நீ பத்து மாசம்.

விருந்துக்கு வருகிறேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். போடு.

எம்மெட்

*

14 நவம்பர் 1994

எம்மெட்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு கடிதம் எழுதினேன். நாலையும் அடுப்பில் போட்டேன். முதல் மூன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், நன்றாகவே வந்திருந்தது, எரிக்கும்போது வயிறு எரிந்தது. நாலாவது ஒழுங்காக இருந்தது. அதைப் படித்துப் பார்த்தால் யாரோ செத்துப்போனவள் எழுதின மாதிரி இருந்தது, அதனால் அதையும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோரா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தேன். உன் கடிதத்தையும் வைத்தேன். நின்றபடியே படித்தாள். குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"இது என்னுதா?"

"உன்னுதுதான்."

"நுரையீரலா?"

"ரெண்டுலயும்."

ஒரு நிமிஷம் அவள் முகத்தில் வந்ததைச் சொல்ல எனக்கு எழுத்து பத்தாது. நீயும் நானும் சேர்ந்து அதைப் பத்து மாசம் பூட்டி வைத்திருந்தோம். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மாமா ஒரு பொய் சொன்னாரு. நீ தினமும் காலையில எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்துக்கிட்டே சொல்லாம இருந்தே."

நான் வாயைத் திறந்தேன். "ஜோக் அடிக்காதே" என்றாள். அடிக்கத்தான் போனேன், அதுதான் கேவலம்.

இரண்டு நாள் பேச்சில்லை. லைல் நடுவில் உட்கார்ந்து உப்பை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கொட்டகைக்கு வந்தாள். நான் ஒரு கடாவின் தொடையில் பாதி அறுத்திருந்தேன். கதவில் சாய்ந்துகொண்டு நீதிபதி மாதிரி தீர்ப்பு சொன்னாள். நான் கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை.

ஆல்வின் கடைச் சுவரிலிருக்கிற தகட்டை நீ உன் கையால் கழற்றவேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது, என்ன நடந்தது என்று நீயே சத்தமாகச் சொல்லிவிட்டு. விருந்துக்கு நான் போகக்கூடாது. காப்பி கிடையாது, டிங் கிடையாது. குண்டு இப்போது அவளிடம். நன்றிநாள் அன்று நான் குறட்டை விடக்கூடாது, அன்றைக்கு மட்டுமல்ல, சாகிறவரை. "அந்தக் கதைய யாராச்சும் கேட்டா, நான் தம்பி தோளுக்கு மேலா சுட்டேன்னு சொல்லு" என்றாள்.

அப்புறம் கடைசி ஞாயிறு. கேட்டுக்கொள். அவள் உன்னோடு போகிறாளாம்.

"என்னோடதானேடி போறதா இருந்தே! திட்டம் போட்டது நானாச்சே! கூரையிலேருந்து விழுந்தது நானாச்சே!"

"நீ வந்தா நான் சுடறதுக்கு முன்னாடியே கதை தயாராயிடும்மா. மாமா வரட்டும். துப்பாக்கி இல்லாம வரட்டும். நான் சொல்றதச் செய்யட்டும். நீ கொட்டகையில இருந்து மத்தவங்க மான வெட்டு."

வருஷத்திலேயே கொட்டகை நிரம்பி வழிகிற நாள் அது, அவளுக்குத் தெரியும். அதுவரை நீயும் நானும் நேரில் பேசக்கூடாதாம். "உங்க ரெண்டு பேருக்கும் வாயத் தொறந்தா விஷம். எழுதினாத்தான் கொஞ்சமாச்சும் யோசிக்கிறீங்க."

எம்மெட், நான் பத்து மாசம் ஊற வைத்த பழியை அவள் பத்து நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நம் இரண்டு பேரையும்விட நன்றாகச் செய்கிறாள். பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

நீ தூங்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கண் திறந்துதான் இருந்தது. எனக்கு அந்த மான் வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். இதை எழுதுவதற்குள் பேனா இரண்டு தடவை மை தீர்ந்த மாதிரி நடித்தது.

இர்மா

*

18 நவம்பர் 1994

அக்கா,

நேற்று மத்தியானம் ஆல்வின் கடைக்குத் திருப்புளி எடுத்துக்கொண்டு போனேன். பதினேழு பேர் இருந்தார்கள். சொன்னேன். அப்புறம் நாற்காலிமேல் ஏறினேன்.

நாலு திருகாணி. மூன்று உடனே வந்தது. நாலாவது துருப்பிடித்திருந்தது. பதினைந்து நிமிஷம் ஆனது. எனக்குப் பின்னால் அவ்வளவு நேரமும் யாரும் முள்கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. ஆல்வின் மட்டும், "எண்ணெய் வேணுமா எம்மெட்டு?" என்றான். வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தது.

தகடு என் சட்டைப்பையில் இருக்கிறது. கோராவிடம் கேள்: வேறு பெயர் பொறித்து மாட்டட்டுமா?

கடைசி ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உங்கள் கேட்டில் நிற்பேன். துப்பாக்கி எடுத்து வரமாட்டேன். கயிறு எடுத்து வருகிறேன். பூட்டைத் திறந்து வைக்கச் சொல். உங்கள் திருப்பத்தில் இன்று காலை பனி தள்ளினேன். வண்டி பழுதாகவில்லை.

எம்மெட்

*

28 நவம்பர் 1994

எம்மெட்,

டேய், என்னடா நடந்தது?

நேற்று முழுக்கக் கொட்டகையில் இருபத்தோரு மான். ஒரு கண் கத்தியில், ஒரு கண் ஜன்னலில். இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டேன். முன்மதியம் ஆயிற்று, மத்தியானம் ஆயிற்று. நாலரை மணிக்கு உன் வண்டி வந்தது. பின்னால் ஒரு மான். அவள் ராணி மாதிரி இறங்கினாள். நீ வளைந்த ஆணி மாதிரி இறங்கினாய். மேலங்கி கந்தலாகியிருந்தது, முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தது, காதில் கள்ளிமுள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய்.

"எப்படிடி?" என்றேன். "மாமாவக் கேளு. கடுதாசில எழுதுவாரு" என்றாள். கெஞ்சினேன். இனிப்பு செய்து கொடுத்தேன். தின்றுவிட்டு, "மாமாவக் கேளு" என்றாள். வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

வியாழக்கிழமை நன்றிநாள் விருந்தில் நான் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வான்கோழியை வெட்டும்போது பழக்கதோஷத்தில் மூக்கு தானாக விரிந்தது. ஒரு உருளைக்கிழங்கை முழுசாக வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். "உடம்பு சரியில்லையா?" என்று லைல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மானை இன்று உரித்தேன். பாதிரியார் இல்லை. ஆனால் நல்ல கடா, கொம்பில் பக்கத்துக்கு நாலு கிளை. ஒரே ஒரு ஓட்டை. இரண்டு நுரையீரலும். ஒரே ஒரு குண்டு. அதை ஜாடியில் போடவில்லை. கழுவி, அவளைக் கூப்பிட்டு, கையில் கொடுத்தேன். "கால் நாலும் முழுசா இருக்கு, பாத்துக்க" என்றேன். நாலையும் தொட்டுப் பார்த்தாள், எம்மெட். ஒவ்வொன்றாக.

அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், குளிர்காலம் நீளமாயிற்றே. இப்போது எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

அக்கா

*

30 நவம்பர் 1994

அக்கா,

முதுகு நிமிரவில்லை. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

கேட்டைத் தாண்டி அரை மைல்கூடப் போகவில்லை. விடிந்து சுடும் நேரம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கினோம். சாலையிலிருந்து எண்பது கஜத்தில், ஒரு பெட்டையின் பின்னால், பாதிரியார் நின்றுகொண்டிருந்தார். பக்கவாட்டில். கழுத்து வீங்கி, பட்டை வெள்ளை வெளேரென்று. இரண்டு வருஷம் நான் தூரத்திலிருந்து பார்த்த மான். கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் கயிறுதான் இருந்தது.

கோரா படுத்து, குறி வைத்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் துப்பாக்கியை இறக்கினாள்.

"என்னம்மா?" என்றேன்.

"இங்கே சுட்டா வண்டிக்கு ரொம்பப் பக்கம் மாமா" என்றாள்.

பாதிரியார் எங்களைப் பார்த்தார். தும்மினார். மெதுவாக நடந்து போய்விட்டார்.

அப்புறம் நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். மூன்று மான் குழுக்களைத் தாண்டிப் போனோம். அதில் இரண்டில் கடா இருந்தது. அவள் மானைப் பார்க்கவில்லை, சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளி முளைத்த ஒரு மேட்டில் என்னைத் தவழச் சொன்னாள். மறுபக்கம் ஒன்றும் இல்லை. "சும்மா பாத்தேன்" என்றாள். பதினொன்றரைக்குக் கோணல் ஓடையின் கடைக்கோடிப் பள்ளத்துக்கு வந்தோம், அப்பாகூட அங்கே இறங்கமாட்டார். அடியில் நீ உரித்த அந்தக் கடா நின்றது. நேராக எங்களைப் பார்த்து நின்றது.

அவள் சுடவில்லை. காத்திருந்தாள். நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். நாலு நிமிஷம். எனக்கு அந்த நாலு நிமிஷமும் தெரியும், அக்கா. மான் திரும்பியது. சுட்டாள். நின்ற இடத்திலேயே மடிந்தது.

அவளே சீட்டை வெட்டினாள். நவம்பர், இருபத்தேழு. அவளே கட்டினாள். அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினேன். "வேற பேர் வேண்டாம் மாமா. அந்தத் தலைக்குக் கீழ ஒண்ணும் வேண்டாம். வெறும் சுவத்துல ஓட்டை தெரியட்டும்" என்றாள். அவள் யார் பெண் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.

அப்புறம் இழுத்தேன். பனியில் ஒரு முழங்கால், கள்ளியில் ஒரு முழங்கால். அவள் முன்னால் துப்பாக்கியையும் காப்பிக் குடுவையையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் நின்றபோதெல்லாம் அவளும் நின்று, "மூச்சு வாங்கிக்கங்க மாமா, நான் காத்திருப்பேன். எனக்குப் பழக்கம்தான்" என்றாள். இரண்டு மணி நேரம் ஆனது. வியர்த்துக் கொட்டியது, மேலங்கியைக் கழற்றி மானின் கொம்பில் மாட்டினேன்.

மேட்டின் உச்சிக்கு வந்ததும் கயிற்றை ஒரு புதரில் கட்டினேன். முடிச்சு நான் போட்டதுதான். உட்கார்ந்தோம். அவள் எனக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றினாள். கோப்பையில் என்னவோ டிங் என்று விழுந்தது. பார்த்தேன், போன வருஷத்துக் குண்டு. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்ததில் சாய்ந்து புதரில் முதுகை வைத்தேன்.

முடிச்சு அவிழ்ந்தது. மான் திரும்பவும் பள்ளத்தின் அடிக்குப் போய்விட்டது. மேலங்கியும் கூடவே போனது. வண்டிச் சாவி மேலங்கியில் இருந்தது.

எம்மெட்